வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே வண்டி: பழைய டீசல் பிக்கப் வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாரம் முழுக்க சிமென்ட், பைப், மெஷின் என்று சுமக்க வேண்டும். விடுமுறை நாளில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு வெளியூர் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி என்றால் நான்கு கதவுள்ள டபுள் கேப் டீசல் பிக்கப் நல்ல தேர்வு. டீசல் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவிசை தரும். லோடு ஏறிய பிறகும் மேட்டில் திணறாது. பெட்ரோலை விட எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். புதிதாக வாங்கினால் விலை எட்டாது என்பதால் பழைய வண்டியைத் தேடுகிறோம். தேடுவதில் தவறில்லை, தேடும் முறைதான் பலருக்குத் தெரிவதில்லை.

கார் பார்ப்பதுபோல் பெயின்டையும் ஓடோமீட்டரையும் பார்த்து பிக்கப் வாங்கக் கூடாது. ஒரு பிக்கப் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, என்ன வேலை செய்துகொண்டு ஓடியது என்பதே முக்கியம். நெடுஞ்சாலையில் வெறும் வண்டியாக 2 லட்சம் கிலோமீட்டர் ஓடியது நல்ல நிலையில் இருக்கலாம். டிரெய்லர் இழுத்தும், மணிக்கணக்காக நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடியும் 80,000 கிலோமீட்டர் காட்டும் வண்டி உள்ளுக்குள் தேய்ந்து போயிருக்கலாம். கீழே சொல்லும் ஒவ்வொரு சோதனையும் அந்த வண்டியின் கடந்த காலத்தைத் தெரிந்துகொள்ளத்தான்.

முதலில் உங்கள் ஓட்டத்தை எழுதிப் பாருங்கள்

விளம்பரங்களைப் பார்க்கும் முன்பு ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு தூரம்? ஒரே மூச்சில் ஓடும் தூரம் எவ்வளவு? அதிகபட்ச லோடு எத்தனை கிலோ? டிரெய்லர் இழுக்க வேண்டுமா?

இதில் இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வதே இல்லை. டீசலுக்கு அதுதான் மிக முக்கியம். புதிய தலைமுறை டீசல் வண்டிகளில் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கும். இன்ஜினிலிருந்து வரும் கரியை அது பிடித்து வைக்கும். நிறைந்ததும் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி அந்தக் கரியை எரித்துவிடும். இதை ரீஜெனரேஷன் என்பார்கள். இது முழுமையாக நடக்க, வண்டி நிற்காமல் ஓரளவு வேகத்தில் சில நிமிடங்களாவது ஓட வேண்டும். தினமும் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர், கடைக்கு இரண்டு கிலோமீட்டர் என்று மட்டும் ஓடும் வண்டியில் ரீஜெனரேஷன் பாதியிலேயே நின்றுபோகும். கரி சேரும், எச்சரிக்கை விளக்கு எரியும், இன்ஜின் சக்தியைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். டி.பி.எஃப்பை மாற்றுவது பெரிய செலவு.

ஆகவே உங்கள் ஓட்டம் முழுவதும் ஊருக்குள் குட்டிக் குட்டிப் பயணங்கள்தான் என்றால், டி.பி.எஃப் உள்ள டீசல் உங்களுக்கு ஏற்றதல்ல. பெட்ரோல் பிக்கப்பைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். வாரத்தில் இரண்டொரு முறையாவது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடும் என்றால் தாராளமாக டீசல் வாங்கலாம்.

எடைக் கணக்கு: விளம்பரத்தை நம்பாமல் தகட்டைப் பாருங்கள்

"ஒரு டன் தாங்கும், 3,500 கிலோ இழுக்கும்" என்று விற்பவர் சொல்வார். இரண்டும் தனித்தனியாக உண்மையாக இருக்கலாம். ஒரே நேரத்தில் உண்மையாக இருக்காது.

கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். வண்டி, ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். அதிலிருந்து வண்டியின் வெறும் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் லோடு. உதாரணமாக, மொத்த எடை வரம்பு 3,000 கிலோ, வெறும் எடை 2,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 950 கிலோ. நிறைய இருப்பதுபோல் தெரியும். இப்போது கழிப்போம். பெரியவர்கள் இருவரும் மூன்று பிள்ளைகளும் 270 கிலோ. தொட்டிக்கு மேல் போட்ட மூடி 80 கிலோ. கருவிப்பெட்டியும் கருவிகளும் 150 கிலோ. முன்னால் கம்பித் தடுப்பும் பின்னால் டிரெய்லர் கொக்கியும் 80 கிலோ. கூட்டினால் 580. மீதி 370 கிலோ.

சரி, இப்போது 3,000 கிலோ டிரெய்லர் ஒன்றை மாட்டுங்கள். டிரெய்லர் தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கொக்கியின் மேல் அழுத்தும். அது 300 கிலோ. அதுவும் வண்டி சுமக்கும் எடைதான். கடைசியில் 70 கிலோதான் மிச்சம். ஒரு ஆள் எடை.

இதற்கு மேல் இன்னொரு வரம்பும் உண்டு: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை. அது 5,600 கிலோ என்று போட்டிருந்தால், 3,500 கிலோ டிரெய்லரை இழுக்கும்போது வண்டி 2,100 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. வெறும் எடையே 2,050 என்னும்போது ஓட்டுநர் ஏறினாலே வரம்பு தாண்டிவிடும். நீங்கள் எழுதி வைத்த லோடு கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத மாடலை இங்கேயே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். வரம்பு மீறினால் பிரேக் தூரம் கூடும், டயர் வெடிக்கும் அபாயம் கூடும், விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். பிள்ளைகள் உட்காரும் வண்டியில் இதில் சமரசம் வேண்டாம்.

பின் சீட்டில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்

பலரும் ஓட்டுநர் சீட்டில் மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். குடும்பம் பயணம் செய்யப் போவது பின்னால். அதனால் முதலில் அங்கே ஏறுங்கள். ஒன்றரை கதவு, இரண்டு சின்னக் கதவு என்று வரும் எக்ஸ்ட்ரா கேப் வகைகளில் பின்னால் இருப்பது சீட் என்ற பெயரில் ஒரு பலகைதான். குடும்பத்துக்கு முழு அளவிலான நான்கு கதவு டபுள் கேப்தான் சரி. அதிலும் சில மாடல்களில் பின் சீட்டின் முதுகு செங்குத்தாக நிற்கும்; ஒரு மணி நேரத்துக்கு மேல் பெரியவர்களால் உட்கார முடியாது.

குழந்தை இருக்கை மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றனவா, அதன் மேல் பட்டையைக் கட்டும் இடம் எங்கே என்று தேடுங்கள். உங்கள் குழந்தை இருக்கையையே கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. நடு சீட்டுக்கு மூன்று முனை பெல்ட் உண்டா, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் பின்சீட் வரை வருகிறதா, வழுக்கும்போது வண்டியைக் கட்டுக்குள் வைக்கும் ஈ.எஸ்.சி வசதி உண்டா என்றும் பாருங்கள். லோடு இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் எடை குறைவாக இருக்கும். ஈரச் சாலை வளைவில் அது சுலபமாக விலகும். அதனால் ஈ.எஸ்.சி இருக்கும் மாடலைத்தான் குடும்பத்துக்கு எடுப்பேன். மற்ற வசதிகள் குறைந்தாலும் பரவாயில்லை.

கண்ணாடியை ஏற்றிவிட்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். பூச்சிமருந்து, டீசல், கரைப்பான் போன்றவற்றைக் கேபினுக்குள் வைத்து ஓட்டிய வேலை வண்டிகள் உண்டு. அந்த வாடை சீட் பஞ்சிலும் தரை விரிப்பிலும் ஊறியிருந்தால் எளிதில் போகாது. பிள்ளைகள் மூச்சு விடப் போகும் இடம் அது.

எந்தக் காலத்து டீசல்?

டீசல் இன்ஜின்களைத் தோராயமாக மூன்று காலமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இயந்திர பம்ப் கொண்ட பழைய வகை. மின்னணு குறைவு, புகை அதிகம், சக்தி குறைவு. சாதாரண மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். ஆனால் இந்த வயது வண்டிகளில் ஏர்பேக், ஈ.எஸ்.சி எல்லாம் அபூர்வம். வேலைக்கு மட்டும் என்றால் சரி, குடும்பத்துக்கு எனக்கு மனம் ஒப்பாது.

இரண்டாவது, காமன் ரயில்; எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. 1997-இல் பயணிகள் கார்களில் வந்து, அடுத்த சில ஆண்டுகளில் பிக்கப்புகளுக்கும் பரவியது. 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும். புதியவற்றில் இது 2,000 பாரையும் தாண்டும். சத்தம் குறைவு, இழுவை அதிகம். ஆனால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் உயர் அழுத்த பம்பும் அழுக்கு டீசலையும் தண்ணீரையும் கொஞ்சம்கூடத் தாங்காது.

மூன்றாவது, அதோடு டி.பி.எஃப்பும், பிறகு புகையின் நச்சு வாயுவைக் குறைக்க ஆட்புளூ திரவம் ஊற்றும் அமைப்பும் சேர்ந்த வகை. ஆட்புளூ என்பது 32.5 சதவீத யூரியா கலந்த நீர். அது தீர்ந்தால் சில மாடல்கள் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகவே மறுக்கும். இந்த வகையில் பாதுகாப்பு வசதிகள் நிறைவாக இருக்கும். பராமரிப்பு சரியாக நடந்த பதிவு இல்லாமல் இதை வாங்கக் கூடாது.

மாடலைத் தேர்ந்த பிறகு அதில் இருக்கும் இன்ஜினின் குறியீட்டைக் கண்டுபிடித்து அதன் பலவீனத்தைத் தேடிப் படியுங்கள். ஒரே பெயரில் விற்கும் வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு இன்ஜின் மாறும். பரவலாக அறியப்பட்ட சில உதாரணங்கள்: ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், 2003 முதல் 2007 வரை, ஆயில் கூலர், இ.ஜி.ஆர் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் அமைப்பு) கூலர், ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கும் உடலுக்கும் இடையிலான அடைப்பு) தொல்லைகளுக்குப் பேர்போனது. 2001 முதல் 2004 வரை வந்த, ஜெனரல் மோட்டார்ஸின் எல்.பி.7 டுராமேக்ஸில் இன்ஜெக்டர்கள் பழுதாகும். அவை வால்வு மூடிக்கு அடியில் இருப்பதால் கூலி அதிகம். 2011 முதல் 2016 வரையிலான எல்.எம்.எல் டுராமேக்ஸில் இருந்த சி.பி.4 உயர் அழுத்த பம்ப் உடைந்தால் இரும்புத் துகள் எரிபொருள் பாதை முழுவதும் பரவி, இன்ஜெக்டர் வரை எல்லாவற்றையும் மாற்ற வைக்கும். நிசான் நவாரா டி40 வரிசையில் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினையும் சேஸிஸ் துருவையும் கவனிக்கச் சொல்வார்கள். டொயோட்டாவின் 2015-க்குப் பிந்தைய 2.4, 2.8 லிட்டர் டீசல்களில் தொடக்க ஆண்டுகளில் டி.பி.எஃப் பிரச்சினை இருந்தது. இவற்றை வாங்கவே கூடாது என்று அர்த்தமில்லை. அந்தக் குறை சரிசெய்யப்பட்டதற்கான பில்லைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பேப்பர்கள்

உரிமையாளர் பெயர், நிலுவைக் கடன், விபத்தில் கழித்துக்கட்டிய பதிவு, தயாரிப்பாளர் திரும்ப அழைத்த பழுதுகள். இந்த நான்கையும் 17 எழுத்து வி.ஐ.என் (வண்டியின் அடையாள) எண்ணை வைத்துச் சரிபாருங்கள். பதிவுச் சான்று, டேஷ்போர்டு தகடு, சேஸிஸில் அடித்த எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சேஸிஸில் எண் இருக்கும் இடம் அரம் போட்டுத் தேய்த்ததுபோலவோ புதிதாக வெல்டிங் செய்ததுபோலவோ இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் பில்களில் தேட வேண்டியது ஆயில் மாற்றிய இடைவெளி. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய வண்டியில் இரண்டு பில்லுக்கு நடுவே 35,000 இடைவெளி தெரிந்தால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவும் டைமிங் செயினும் அந்தக் காலத்தில் அடி வாங்கியிருக்கும். டீசல் ஃபில்டர் எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதையும் எண்ணுங்கள்.

அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்

பாயோ அட்டையோ ஒன்றும் டார்ச்சும் எடுத்துப்போங்கள். பழைய உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஜாக் மட்டும் போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். பிக்கப் உயரமானது, நின்ற நிலையிலேயே பார்க்கலாம்.

முதலில் சேஸிஸ். மேல்பாடி, இன்ஜின், தொட்டி எல்லாவற்றையும் தாங்குவது அந்த இரண்டு நீளச் சட்டங்கள்தான். துரு உள்ளிருந்து வெளியே வரும். பின் ஆக்சிலுக்கு மேல் வளையும் பகுதி, ஸ்பிரிங் மாட்டிய இடம், குறுக்குச் சட்டம் சேரும் இடம், இங்கெல்லாம் சேறு தங்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ அங்கே இரும்பு மெலிந்துவிட்டது. பனிக்காக உப்பு தூவும் சாலையில் ஓடியதும், படகை இழுத்துக் கடலில் இறக்கியதும் இந்த விஷயத்தில் மிக மோசம். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் மகிழ வேண்டாம். விற்பதற்கு முன் யாரும் அங்கே அழகுக்காகப் பெயின்ட் அடிப்பதில்லை.

அப்புறம் பட்டை. பின்னால் அடுக்கடுக்காக இருக்கும் லீஃப் ஸ்பிரிங்கில் ஏதாவது பட்டை உடைந்திருக்கிறதா, நேராகப் படுத்துவிட்டதா, கூடுதலாகப் பட்டை சேர்த்திருக்கிறார்களா? சேர்த்திருந்தால் அந்த வண்டி வரம்புக்கு மேல் லோடு அடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். டிரெய்லர் கொக்கியின் உருண்டை தேய்ந்து பளபளத்தாலும் அப்படியே: இது இழுத்து வாழ்ந்த வண்டி. கியர்பாக்ஸ், கிளட்ச், பின் டிஃபரென்ஷியல் மூன்றையும் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஒழுகல், ஷாஃப்ட் ஜாயின்டில் ஆட்டம், முன் வீல் ஜாயின்ட் ரப்பரில் கிழிசல் என்று வரிசையாகப் போங்கள்.

சரக்குத் தொட்டியில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் ஓரத்தைத் தூக்கச் சொல்லுங்கள். அடியில் துரு இருக்கலாம், ஓட்டை இருக்கலாம். கேபினுக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்திருந்தால் சேஸிஸ் வளைந்திருக்கலாம்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டு தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்ற வேண்டாம். முன் டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அடியில் புஷ், பால் ஜாயின்ட் வேலை இருக்கிறது.

குளிர்ந்த இன்ஜின், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்

பார்க்க வருகிறேன் என்று சொல்லும்போதே "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டில்தான் எரிபொருள் பற்றும். அழுத்தம் குறைந்த, இன்ஜெக்டர் கெட்ட, குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் போன இன்ஜின் குளிரில்தான் தன் குணத்தைக் காட்டும். சூடான பிறகு எல்லாம் மறைந்துவிடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் குச்சியை இழுங்கள். ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டீசலில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். அளவைப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் மேலே இருந்து, டீசல் வாடையும் அடித்தால் அது நல்ல செய்தியல்ல. பாதியில் நின்ற ரீஜெனரேஷன்களால் டீசல் ஆயிலோடு கலந்திருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகவும் செய்யலாம். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர் கலக்கிறது. குறுகிய ஓட்டத்தால் நீராவி படிந்தும் லேசாக வரும். ஆனால் குச்சியிலும் அதே நிறம் இருந்தால் ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ போயிருக்கிறது. கூலன்ட் டேங்கில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் அதே அர்த்தம்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். குளோ பிளக் விளக்கு அணைந்ததும் சில நொடிகளுக்குள் பிடிக்க வேண்டும். பிறகு புகை:

கறுப்பு என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாயில் வெடிப்பு, இ.ஜி.ஆர் வால்வு, இன்ஜெக்டர் என்று காரணம் பல.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டர்போ சீல் அல்லது பிஸ்டன் வளையம். இரண்டுமே செலவு.

வெள்ளை என்றால் முகர்ந்து பாருங்கள். குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் பரவாயில்லை. கண் எரியும் காரமான வாடையோடு தொடர்ந்தால் எரியாத டீசல். இனிப்பு வாடையோடு தொடர்ந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இன்ஜின் நிதானமாக ஓடும்போது ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அப்படியே வாயில் வையுங்கள். லேசாக ஆடலாம். குதித்து விழுந்தாலோ, புகை பொங்கிப் பொங்கி வந்தாலோ சிலிண்டரிலிருந்து காற்று கீழே இறங்குகிறது. இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது. எல்லா இன்ஜினுக்கும் இது தீர்ப்பு சொல்லும் சோதனை அல்ல. மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் (சிலிண்டரின் அழுத்தம்) பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதற்கான அடையாளம்.

இன்னொன்று, இதை அதிகம் பேர் பார்ப்பதில்லை. டி.பி.எஃப் உள்ள வண்டியின் சைலன்சர் குழாய்க்குள் இன்ஜின் ஆறியிருக்கும்போது விரலை விட்டுத் தடவுங்கள். வேலை செய்யும் டி.பி.எஃப் என்றால் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். கரி அப்பிக்கொண்டால் உள்ளே வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ அதைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். "இழுவை கூட்டியிருக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னாலும் ஏமாறாதீர்கள். பல நாடுகளில் டி.பி.எஃப்பை அகற்றுவது சட்டவிரோதம். புகைச் சோதனையில் வண்டி விழும், திரும்பப் பொருத்தும் செலவு உங்கள் தலையில் வரும். அந்தப் புகையை மூச்சில் இழுப்பதும் உங்கள் பிள்ளைகள்தான்.

ஸ்கேனர் சொல்லும் கதை

புதிய வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு அடியில், வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைய ஓ.பி.டி சாக்கெட் இருக்கும். கைபேசியோடு இணையும் சின்ன ரீடர் போதும். பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்று வந்தால் உடனே நிம்மதி அடையாதீர்கள். "குறியீடுகள் அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு கணக்கு பல வண்டிகளில் கிடைக்கும். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் எதையோ அழித்திருக்கிறார்கள். அந்த மாடலுக்கான செயலி இருந்தால் டி.பி.எஃப்பில் கரியின் அளவு, கடைசி ரீஜெனரேஷன் எப்போது, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் செய்துகொண்ட திருத்தம் ஆகியவற்றையும் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நின்றால் அந்த இன்ஜெக்டர் சோர்ந்துவிட்டது.

சில பிக்கப்புகள் இன்ஜின் ஓடிய மணி நேரத்தையும் பதிவு செய்யும். கிடைத்தால் விடாதீர்கள். மொத்தக் கிலோமீட்டரை அந்த மணியால் வகுத்துப் பாருங்கள். 1,50,000 கிலோமீட்டர், 3,000 மணி என்றால் சராசரி 50; சாலையில் ஓடிய வண்டி. அதே 1,50,000 கிலோமீட்டருக்கு 7,500 மணி என்றால் சராசரி 20 தான். ஏசி போட்டுக்கொண்டு வேலையிடத்தில் நின்றபடியே நெடுநேரம் ஓடியிருக்கிறது. ஓடோமீட்டரில் தெரியாத தேய்மானம் இது. இந்த ஒரு வகுத்தல் கணக்கு, விற்பவரோடு ஒரு மணி நேரம் பேசுவதைவிட அதிகம் சொல்லும்.

ஓட்டிப் பார்ப்பது

தெருவைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தால் போதாது. அரைமணி நேரமாவது கேளுங்கள். ஊருக்குள், நெடுஞ்சாலை, ஒரு நீளமான மேடு, மூன்றும் வேண்டும். மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். டர்போ மென்மையாக விசில் அடிப்பது இயல்பு. சைரன்போல் ஊளையிட்டால் பேரிங் போகிறது. பாதி மேட்டில் சட்டென்று சக்தி குறைந்து விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் தற்காப்பு நிலைக்குப் போய்விட்டது. பூஸ்ட் கசிவோ, டர்போவோ, எரிபொருள் அழுத்தமோ காரணமாக இருக்கும். வெப்பமானியின் முள்ளையும் அப்போதுதான் கவனிக்க வேண்டும்.

மேனுவல் கியரில் கிளட்சைச் சோதிக்க, நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே முழுக்க மிதியுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஐட்லிங்கில் கடகடவென்று கேட்கும் சத்தம் கிளட்சை மிதித்ததும் மாறினால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவே அதிர்வைக் குறைக்கும் இரட்டைச் சக்கரம்) தேய்ந்திருக்கலாம்; விலை உயர்ந்த பாகம். ஆட்டோமேட்டிக்கில் கியர் விழும்போது உதைப்பு இருக்கக் கூடாது. குறைந்த வேகத்தில், கரடுமுரடான பட்டைமேல் ஓடுவதுபோல் அதிர்ந்தால் கிளட்சுக்குப் பதிலாக உள்ள டார்க் கன்வெர்ட்டரைச் சந்தேகப்படுங்கள்.

ஃபோர் வீல் இருந்தால் மண் தரையிலோ புல்லிலோ 4ஹெச் (சாதாரண வேகம்), 4எல் (மெதுவான வேகம், கூடுதல் இழுவை) இரண்டும் விழுகிறதா, திரும்ப வெளியே வருகிறதா என்று பாருங்கள். காய்ந்த தார்ச் சாலையில் போட்டுத் திருப்பாதீர்கள், சாதாரண பகுதிநேர ஃபோர் வீலில் அது பல்சக்கரங்களை இறுக்கிவிடும். வருடக்கணக்கில் யாரும் போடாததால் இறுகிப்போன லீவர்கள் ஏராளம்.

ஓட்டத்தின் ஒரு பகுதியில் நீங்கள் பின் சீட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். வெறும் தொட்டியோடு பட்டை ஸ்பிரிங் எப்படிக் குலுக்குகிறது என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். பின் ஸ்பிரிங் சுருளாக இருக்கும் மாடல்களும் உண்டு. லோடு மிதமாகவும் குடும்ப ஓட்டம் அதிகமாகவும் உள்ளவர்களுக்கு அவை நல்லவை. கேபினுக்குள் புகை வாடை வந்தால் சைலன்சர் பாதையில் கசிவு. பேரத்துக்கு முன் அது எங்கே என்று தெரிந்தாக வேண்டும்.

திரும்பி வந்ததும் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து அடியில் பாருங்கள், புதிய சொட்டு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று. பிறகு மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் நன்றாகப் பிடித்துச் சூட்டில் அடம்பிடித்தால் இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் வழியில் டீசல் அதிகம் கசிகிறது அல்லது உயர் அழுத்த பம்ப் தேய்ந்திருக்கிறது.

மெக்கானிக், பிறகு விலை

இவ்வளவும் தேறிய வண்டியை மட்டும் டீசல் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக்கிடம் அல்ல. லிஃப்டில் தூக்கிப் பார்ப்பது, கம்ப்ரஷன், இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் டீசலின் அளவு, கூலன்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலக்கிறதா என்ற சோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். இதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பார்க்கலாம். பிக்கப் எப்போதும் கிடைக்கும்.

விலை பேசும்போது குறைகளைப் பொதுவாகச் சொல்லாமல் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக் காட்டுங்கள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். வாங்கும் விலையில் ஏழில் ஒரு பங்காவது முதல் ஆண்டு வேலைகளுக்குத் தனியாக இருக்கட்டும். அது இல்லாமல் வாங்கினால் முதல் இன்ஜெக்டர் போகும்போதே வண்டி வீட்டு வாசலில் நிற்கும், வேலையும் நிற்கும்.

வாங்கிய முதல் வாரம்

பழைய உரிமையாளர் நேற்றுதான் மாற்றினேன் என்று சொன்னாலும் பில் இல்லை என்றால் மாற்றாததாகவே கருதுங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் முதல் நாளே. டி.பி.எஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். கையேட்டில் என்ன தரம் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். தவறான ஆயிலின் சாம்பல் டி.பி.எஃப்பில் தங்கிவிடும், எத்தனை ரீஜெனரேஷன் நடந்தாலும் போகாது. டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரென்ஷியல், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் ஒரு மாதத்துக்குள்.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், மாற்றியதற்கு எழுத்து ஆதாரம் இல்லாதபட்சத்தில், லோடு ஏற்றும் முன் பெல்டையும் அதன் டென்ஷனரையும் தண்ணீர் பம்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜினே போய்விடும். ஆட்புளூ டேங்கை நிரப்புங்கள். அதற்குள் டீசலோ தண்ணீரோ தவறிப்போய்க்கூட விழாமல் பாருங்கள். ஆயில் மாற்றிய நாள், கிலோமீட்டர், எந்த ஆயில் என்று ஒரு நோட்டில் முதல் வரியை எழுதி அதை டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். பிறகு குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் போய் வாருங்கள். டி.பி.எஃப் சுத்தமாகும், ஏதாவது சத்தமோ கசிவோ மிச்சமிருந்தால் அதுவும் வேலை நாளுக்கு முன்பே தெரிந்துவிடும்.